மெத்தைத் துண்டு பேசியது!

எங்கள் வீட்டில் ஒரு பொம்மைத் தொழில் பிறந்ததற்குக் காரணம் ஒரு கட்டில். மாமனார் காலத்துத் தேக்குக் கட்டில் அது. கடையில் விற்கும் எந்த மெத்தையும் அதற்குப் பொருந்தாது. 2016-ல் இங்கே உறையூரில் ஒரு மெத்தைக் கடையில் ஸ்பாஞ்ச் மெத்தையை அளவுக்கு வெட்டச் சொன்னோம். கடைக்காரர் மீந்துபோன துண்டையும் ஆட்டோவில் போட்டு, "எடுத்துட்டுப் போங்கம்மா, இதுக்கும் காசு கொடுத்தது நீங்கதானே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அதைக் குப்பையில் போடப் போனேன். மாமியார் விடவில்லை. "தூக்கிப் போட்டுடாதேம்மா. ஒரு தலைகாணிக்காவது ஆகும்."

அப்போது என் மகளுக்கு இரண்டரை வயது. சாப்பாட்டு நேரம் என்றாலே வீட்டில் யுத்தம்தான். ஒரு நாள் பொறுமை போய், அந்த ஸ்பாஞ்ச் துண்டை இரண்டாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டேன். பார்த்தால் பெரிய வாய் மாதிரியே இருந்தது! "ஆ... எனக்கு ஒரு வாய்!" என்று குரலை மாற்றிப் பேசினேன். குழந்தை திகைத்துப் போனாள். பிறகு தன் பிஞ்சுக் கையால் பருப்புச் சாதத்தை அள்ளி ஸ்பாஞ்ச் வாயில் திணித்தாள். அப்புறம் தானும் ஒரு வாய். அன்றைக்கு ஸ்பாஞ்சுக்கு நாலு வாய், அவளுக்கு ஆறு வாய்!

(தினமும் இப்படி ஊட்டினால் பொம்மை இல்லாமல் சோறு இறங்காது என்பதும் சீக்கிரமே புரிந்தது. அதனால் பொம்மையைச் சாப்பாட்டிலிருந்து பிரித்துக் கதை நேரத்துக்கு மாற்றிவிட்டேன்.)

துண்டுக்குக் கண் வைத்தேன், காது வைத்தேன், பழைய துண்டு கிழித்துச் சட்டை போட்டேன். இதைப் பார்த்த பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளி ஆசிரியை, "எனக்கு ஆறு வேணும், செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டார். யோசிக்காமல் "ஓ!" என்று சொல்லிவிட்டேன். ராத்திரிதான் பயம் வந்தது. எனக்குப் பொம்மை செய்யவா தெரியும்?

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஜிம் ஹென்சன் என்பவர் 1955-ல் கெர்மிட் என்ற பொம்மையைத் தன் அம்மாவின் பழைய கோட்டுத் துணியிலும், பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிய கண்களிலும்தான் செய்தாராம். 1969-ல் தொடங்கிய 'செஸமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் அந்தத் தவளை உலகம் முழுவதும் புகழ் பெற்றுவிட்டது. அம்மாவின் பழைய கோட்டு அங்கே. மாமனாரின் கட்டில் இங்கே. எனக்குத் தைரியம் வந்தது.

ப்ளவுஸ் தைக்கத் தெரியுமா?

தெரியும் என்றால் பாதிப் பொம்மை செய்தாகிவிட்டது. தட்டையான துணியில் 'டக்' பிடித்தால் எப்படிக் குழிவு வருகிறதோ, அப்படித்தான் தட்டையான ஸ்பாஞ்சும் உருண்டைத் தலையாகிறது. துணியில் மடித்துத் தைக்கிறோம். ஸ்பாஞ்சில் அந்த இடத்தை 'வி' வடிவில் வெட்டி எடுத்துவிட்டு, இரு ஓரங்களையும் சேர்த்து ஒட்டுகிறோம். அவ்வளவுதான் ரகசியம்.

அரை அங்குல கனமுள்ள ஸ்பாஞ்ச் வாங்குங்கள். கையில் கசக்கி விட்டால் உடனே பழைய உருவத்துக்கு வரவேண்டும். முதலில் சார்ட் பேப்பரில் அளவு வெட்டிக்கொண்டு, அதை ஸ்பாஞ்சின் மேல் வைத்துப் பேனாவால் வரையுங்கள். கத்தரிக்கோல் ஸ்பாஞ்சை நசுக்கிக் கோணலாக்கும். புதுப் பிளேடு போட்ட பேப்பர் கத்திதான் நல்லது.

ஒட்டுவதற்கு, செருப்புத் தைப்பவர்கள் உபயோகிக்கும் ரப்பர் பசை. இரண்டு ஓரங்களிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள். ஒருமுறை ஒட்டியதைப் பிரித்து எடுத்தால் ஸ்பாஞ்ச் பிய்ந்து வரும். ஆகவே அவசரம் கூடாது.

வாய்க்கு ஒரு கெட்டி அட்டை. முட்டை வடிவில் வெட்டி நடுவில் மடித்து, உட்பக்கம் சிவப்பு ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். வெளிப்பக்கம் மேலும் கீழும் எலாஸ்டிக் பட்டி வைத்தால் நாலு விரல் மேலே, கட்டை விரல் கீழே நிற்கும். பேசும்போது மேல் தாடையைத் தூக்காதீர்கள். கட்டை விரலைக் கீழே இறக்குங்கள். நாம் பேசும்போது நமக்கும் கீழ்த்தாடைதானே அசைகிறது!

மேலே போர்த்த, இழுத்தால் நீளும் துணி வேண்டும். பனியன் துணி போதும். ஃப்ளீஸ் என்ற பஞ்சுபோன்ற துணியானால் தையல் உள்ளே மறைந்துவிடும். ஸ்பாஞ்ச் ஓர் இடத்திலும் வெளியே தெரியக்கூடாது. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை; குழந்தைகள் கடித்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள்.

பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முதல் ஆறு பொம்மைகளை மழைக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு ஒட்டினேன். சாயங்காலம் தலைவலி, குமட்டல். பசையின் நெடிதான் காரணம். இப்போதெல்லாம் மொட்டை மாடியில்தான் ஒட்டுவது. அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். பசையும் சரி, ஸ்பாஞ்சும் சரி, சட்டென்று தீப்பிடிக்கும். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவேண்டாம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் ஒட்டக்கூடாது.

கணக்கில் ஏமாந்த கதை

ஆசிரியைக்கு ஒரு பொம்மை 150 ரூபாய் என்று கொடுத்தேன். 900 ரூபாய் கையில் வந்ததும் ஒரே பூரிப்பு! இவர் பேப்பரும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தார். ஸ்பாஞ்ச் 45, துணி 60, பசையும் நூலும் 25, கண்ணும் முடியும் 20. கூட்டினால் சரியாக 150!

"உன் கைக்கூலி எங்கே?" என்றார்.

"வீட்டிலே சும்மா இருக்கிற நேரம்தானேங்க..."

"நீ எப்ப சும்மா இருந்தே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு பொம்மைக்கு நாலு மணி நேரம் ஆகிறது. மணிக்கு ஐம்பது வைத்தாலும் 200. பஸ் செலவு, வீணாகிற துண்டு இவற்றுக்கு 50. ஆக 400 ரூபாய். அந்த விலையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவே இல்லை. ஆனால் சொன்னபோது யாரும் சண்டைக்கு வரவில்லை. சிலர் வாங்கவில்லை, அவ்வளவுதான். சகோதரிகளே, நம் நேரத்துக்கு நாமே விலை வைக்காவிட்டால் வேறு யார் வைப்பார்கள்?

தூக்கம் போன இரவு

2018 நவராத்திரி. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த விற்பனைக் கண்காட்சியில் மேஜை போட்டு 24 பொம்மைகள் விற்றேன். நாலாம் நாள் போன் வந்தது. "அக்கா, பொம்மைக்கு ஒரு கண்ணைக் காணோம். எங்க பாப்பா எதையோ மென்னுக்கிட்டிருந்தா. நல்லவேளை, உதட்டுக்கிட்டயே இருந்துச்சு, எடுத்துட்டேன்."

என் கை கால் ஆடிப்போயிற்று. கறுப்புப் பொத்தான் கண்கள் அவை. அவசரத்தில் தைக்காமல் வெறுமனே ஒட்டியிருந்தேன். அந்தப் பெண் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாளே கிளம்பினேன். பில் நோட்டில் 15 பேர் விலாசம்தான் இருந்தது. டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கி வீடு வீடாகப் போய்ப் பொம்மையை வாங்கி வந்தேன். அவர்கள் சொல்லி இன்னும் நாலு கிடைத்தன. 19 பொம்மைகளுக்கும் கண்ணை மாற்றித் திருப்பிக் கொடுத்தேன். வந்த லாபம் அதிலேயே கரைந்தது. மீதி ஐந்தில் இரண்டு பிறகு தானாக வந்தன. மூன்று யாரிடம் இருக்கின்றன என்று இன்றுவரை தெரியவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்குப் போனாலும் அலமாரியில் பொம்மை இருந்தால் என் பார்வை முதலில் அதன் கண்ணுக்குத்தான் போகிறது.

அன்றிலிருந்து மூன்று பழக்கங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும் பொம்மைக்குப் பொத்தான், மணி, பாசி எதுவும் கிடையாது. கண், மூக்கு எல்லாம் நூலால் எம்பிராய்டரி செய்ததுதான். எந்தப் பொம்மையையும் என் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்த பிறகே பையில் போடுவேன். ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்து, வாங்கியவர் பெயரை நோட்டில் எழுதிவிடுவேன்.

விற்கும் முன்

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது. மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நான் பதிவு அட்டை கைக்கு வரும்வரை புது ஆர்டர் எடுக்கவில்லை. வீட்டில்தானே செய்கிறோம் என்று அலட்சியமாக இருக்கவேண்டாம். முதல் பொம்மையை விற்கும் முன்பே உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஸ்பாஞ்ச் நிரந்தரமல்ல, வெயில் பட்டால் மஞ்சளாகும், சில வருஷங்களில் உதிரும். மெஷினில் போடாமல், லேசான சோப்புத் தண்ணீரில் அமுக்கி அலசி நிழலில் உலர்த்தவேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதிப் பொம்மையோடு கொடுத்துவிடுகிறேன்.

என் முதல் பொம்மை இப்போது உதிர ஆரம்பித்துவிட்டது. மகள் வளர்ந்துவிட்டாள். போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அதைத் தூக்கிப் போடப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆ... எனக்கு ஒரு வாய்!"

திரும்பிப் பார்த்தால் மகள். அவளுக்குப் பின்னால் மாமியார் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, தூக்கிப் போடாதேன்னு!"

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கிடக்கும். எடுத்து மடித்துப் பாருங்களேன்!