வளரும் மதுரைக்கு வைகை வேண்டாமா?

தை பிறந்துவிட்டால் மதுரை வீட்டுக்குள் தங்காது. பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என ஜல்லிக்கட்டு வாடிவாசல்கள் வரிசையாகத் திறக்கும். தைப்பூசத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பமேறுவார்கள். சித்திரையில் கொடியேற்றம், பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம், எதிர்சேவை என்று களைகட்டி, பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்கும்போது சுற்றுப்பட்டு கிராமங்களெல்லாம் ஆற்றுக்குள் நிற்கும்.

வளர்ச்சித் திட்டங்களின் பட்டியலும் நீளமானதுதான். மாட்டுத்தாவணியில் டைடல் பார்க், தோப்பூரில் எய்ம்ஸ், திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் யோசனை. நத்தம் சாலையில் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் 2023-லேயே வந்துவிட்டன. இவற்றில் எதுவும் வேண்டாதது அல்ல. ஆனால் இந்த இரண்டு பட்டியல்களுக்கும் அடியில் இருக்கும் தண்ணீரைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பதுதான் என் கவலை.

தெப்பக்குளத்தையே எடுத்துக்கொள்வோம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். வைகையிலிருந்து பனையூர் கால்வாய் வழியாக அதற்குத் தண்ணீர் வந்தது. கால்வாய் தூர்ந்து, ஆக்கிரமிப்பில் சிக்கியதும் குளம் வறண்டது. பையன்கள் உள்ளே ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பத் திருவிழா, தெப்பம் நகராத நிலைத் தெப்பமாக நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கால்வாயைச் சீரமைத்து ஆற்று நீரைத் திருப்பினார்கள். குளம் நிரம்பியது, தெப்பம் மிதந்தது.

அதோடு நிற்கவில்லை. இன்று மாலையானால் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க இடமில்லை. ஜிகர்தண்டா, பருத்திப்பால், பணியாரம், சுண்டல், பலூன் என்று நாலு கரையிலும் வியாபாரம். யாரும் அங்கே தொழிற்பேட்டை அமைக்கவில்லை; முதலீட்டாளர் மாநாடு நடத்தவில்லை. ஒரு கால்வாயைச் சரிசெய்தார்கள், அவ்வளவுதான். மதுரையின் பொருளாதார வளர்ச்சிக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

சித்திரைத் திருவிழாவும் பக்தி மட்டுமல்ல, பெரிய பொருளாதாரம். பந்தல்காரர், மண்டகப்படிக்குச் சமைப்பவர், மல்லிகை கட்டுபவர், சர்க்கரைச் செம்பு விற்பவர், தண்ணீர் பீய்ச்சத் தோல்பை தைப்பவர் என அந்தச் சில நாள் வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். இவர்கள் எல்லோருடைய பிழைப்பும் வைகையை ஒட்டியே இருக்கிறது. அந்த வைகையோ கோடையில் அழகர் இறங்கும் நாளுக்காக அணையைத் திறந்துவிட்டால்தான் நனைகிறது. மற்ற நாட்களில் அதில் ஓடுவதில் பெரும்பகுதி ஊரின் சாக்கடை.

ஆற்றின் இரு கரைகளிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டிருக்கிறார்கள். போக்குவரத்துக்கு அது உதவுகிறது. ஆனால் லட்சக்கணக்கானோர் கூடும் திருவிழாவுக்கு ஆற்றுக்குள் எவ்வளவு இடம் மிச்சம் வைக்கிறோம் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். 2022-ல் அழகர் இறங்கிய அதிகாலையில் நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது.

கண்மாய்களின் நிலை இன்னும் மோசம். ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்தால் அடுத்தது நிரம்பும். கடைசியில் மிச்சம் வைகைக்கு வரும். இந்தச் சங்கிலியை நம்பித்தான் மதுரை எழுந்தது. நகரம் விரிய விரிய வரத்துக் கால்வாய் தெருவானது, கண்மாய்க்குள் கட்டடம் முளைத்தது. 2024 அக்டோபரில் சில மணி நேரம் கொட்டிய மழைக்கே செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. குடிக்கவோ, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிறோம். மழை பெய்தால் மூழ்குகிற ஊர், கோடையில் தொலைதூரக் குழாயை நம்பி நிற்கிறது. இப்படிப்பட்ட ஊருக்குள் புதிய அலுவலகங்களையும் குடியிருப்புகளையும் கொண்டுவந்து நிறுத்தினால் அவற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

படித்த பிள்ளைகள் வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள், முதலில் தொழில் வரட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் வாய்க்காலை அடைத்துக் கட்டிய கட்டடத்தில் கிடைக்கும் வேலை நிலைக்காது.

ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் நடக்கும் திருவிழா எதைச் சொல்கிறது? வைகையில் வெள்ளம் வருகிறது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்கிறான் பாண்டியன். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாய் வந்து உதிர்ந்த புட்டுக்கு மண் சுமக்கிறார். அரசன் முதல் கிழவி வரை எல்லோரும் ஆற்றங்கரைக்குப் பொறுப்பு என்பதை ஆண்டுதோறும் விழா எடுத்து நினைவூட்டிக்கொள்ளும் ஊர் இது. அந்தப் பொறுப்பு வளர்ச்சித் திட்டங்களின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வரப்போகும் விழாக்களுக்கு எல்லோரும் போவோம், குழந்தைகளையும் அழைத்துப் போவோம். கூடவே ஒன்று செய்வோம். உங்கள் வார்டில் இருக்கும் கண்மாய் எது, அதற்கு வரத்துக் கால்வாய் எங்கே, மறுகால் எந்தப் பக்கம் போகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் அதைக் கேள்வியாக எழுப்புங்கள். தெப்பக்குளத்துக்கு ஒரு கால்வாய் திறந்ததுபோல வார்டுக்கு ஒன்று திறந்தால் போதும், மதுரையின் வளர்ச்சிக்கு அதுவே அடித்தளம்.