3 சிலிண்டரா, 4 சிலிண்டரா? கார் வாங்கும் முன் இதை தெரிஞ்சுக்கோங்க!

புதுசா கார் வாங்கப் போறவங்க விலை, மைலேஜ், சன்ரூஃப் பற்றியெல்லாம் விசாரிப்பார்கள். ஆனால், இன்ஜினில் எத்தனை சிலிண்டர் என்று பலரும் கேட்பதில்லை. சிக்னலில் நிற்கும்போது வரும் அதிர்வு முதல் பெட்ரோல் செலவு வரை அதற்கு பங்கு உண்டு.

மைலேஜ் எப்படி கூடுகிறது?

2024-ல் வந்த மாருதி சுஸுகி ஸ்விஃப்ட் இதற்கு நல்ல உதாரணம். முந்தைய மாடலில் 4 சிலிண்டர். இதில் 3 தான். இரண்டுமே 1.2 லிட்டர் இன்ஜின். மேனுவல் மாடலில் நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 22.38 கி.மீ-ல் இருந்து 24.80 கி.மீ-ஆக உயர்ந்தது. பவரோ சுமார் 90 பிஎஸ்-ல் இருந்து 82-ஆக குறைந்தது. சிலிண்டர் குறைந்தால் உள்ளே உரசும் பாகங்களும் குறையும். எடையும் தயாரிப்புச் செலவும்கூட குறையும்.

அதிர்வு ஏன்?

ஒவ்வொரு சிலிண்டரிலும் கிராங்க்ஷாஃப்ட் 2 சுற்று சுற்றும்போது ஒருமுறை எரிபொருள் எரியும். 4 சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒருமுறை உந்துதல் கிடைக்கும். 3 சிலிண்டரில் 240 டிகிரி காத்திருக்க வேண்டும். அதோடு, 3 பிஸ்டன்களும் மேலும் கீழும் போகும்போது இன்ஜினின் இரு முனைகளும் சீசா போல ஆடப் பார்க்கும். இதை அடக்கத்தான் இன்ஜின் மவுண்ட், சில கார்களில் பேலன்சர் ஷாஃப்ட் எல்லாம்.

6 சிலிண்டர் என்றால்?

பிஎம்டபிள்யூ பயன்படுத்தும் நேர்வரிசை 6 சிலிண்டரில் அதிர்வுகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஆனால் இன்ஜின் நீளமாகிவிடும். அதை குறைக்கவே 'வி' வடிவ வி6. போர்ஷே 911-ல் பிஸ்டன்கள் இருபக்கமும் படுத்தபடி இயங்கும் பாக்ஸர் வகை. இதில் எடை தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் கார் நிலையாக நிற்கும்.

3 சிலிண்டர்னா மட்டமா?

இல்லை. 1983-ல் வந்த மாருதி 800-ம் 3 சிலிண்டர்தான். டர்போ இருந்தால் பவரும் கூடும். டாடா நெக்ஸானின் 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் 120 பிஎஸ் தருகிறது. பலேனோவின் 4 சிலிண்டர் 1.2 லிட்டர் இன்ஜின் சுமார் 90 பிஎஸ்தான்.

எதை வாங்கலாம்?

மைலேஜ் முக்கியம் என்றால் 3, அலுங்காத ஓட்டம் வேண்டுமென்றால் 4. டெஸ்ட் டிரைவில் ஏசி-யை போட்டு, வண்டியை நிறுத்தியபடி ஸ்டீயரிங்கில் கை வைத்துப் பாருங்கள். அந்த அதிர்வு தினமும் பரவாயில்லை என்று தோன்றினால், தாராளமாக புக் பண்ணலாம்.