பன்னீர்த் திராட்சையின் இத்தாலிய உறவு

திராட்சைக்கும் வரதராஜன்பேட்டைக்கும் என்ன தொடர்பென அங்கத்தினர்கள் வினவக்கூடும். சற்றே பொறுத்தருள்க.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. 'மஸ்கட் ஹாம்பர்க்' எனப்படும் இவ்வினம் இரு திராட்சைகளின் கலப்பாகும். அவற்றுள் ஒன்றான 'அலெக்ஸாந்திரியா மஸ்கட்' என்பதைத் தென் இத்தாலியர் 'ஜிபிப்போ' என்பர். உலர்திராட்சையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபு இது.

சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே பாந்தெல்லேரியா என்னும் எரிமலைத் தீவு உள்ளது. காற்று மிகுதியாதலால் அங்குள்ள குடியானவர்கள் பந்தலிடுவதில்லை; குழி பறித்து, அதனுள் கொடியைக் குட்டைப் புதராக வளர்க்கின்றனர். இம்முறையை யுனெஸ்கோ 2014-இல் மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பறித்த கனியை வெயிலில் உலர்த்தி, 'பாஸ்ஸீதோ' என்னும் இனிய மது வடிக்கின்றனர். மதுவென்றதும் முகஞ்சுளிப்போர் உலர்த்துதலை மட்டுமேனும் கவனிக்க வேண்டுகிறோம்.

நம் வட்டாரத்து முந்திரிக் கொட்டையைக் காயவைத்துச் சாக்கில் கட்டினால் விலையேறும்வரை காத்திருக்கலாம். பன்னீர்க் குலை காத்திராது. ஆகவே வியாபாரி சொன்னதே விலையாகிறது. குறியீடு பெயரைக் காக்கும், அழுகலைத் தடுக்காது. குளிர்பதனக் கிடங்கும் சாறு பிழியும் ஆலையும் சிறு குடியானவர் தனியே அமைக்கக் கூடியவை அல்ல. கூட்டுறவு முதலில் கைவைக்க வேண்டியது இவற்றிலேயே என்பது நம் கருத்து.

தென் இத்தாலியில் குடியானவர்களின் கூட்டுறவு மது ஆலையைக் 'காந்தீனா சோசியாலே' என்பர். அங்கே பழத்தின் எடையோடு இனிப்பின் அளவையும் பார்த்து விலை தருவதுண்டு. நூலின் நம்பரையும் நெசவின் தரத்தையும் பார்த்துக் கூலி கணக்கிடும் நம் நெசவாளர்களுக்கு இம்முறை புதிதன்று.