வரைபடத்தில் புள்ளி வைத்தவருக்கு யார் பதில் சொல்வது?

ஒரு ஊருக்குத் திட்டம் போடும்போது அந்த ஊர்க்காரர்களையே கணினி வரைபடத்தில் குறிக்கச் சொல்வது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1996-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூடிய புவியியல் ஆய்வாளர்கள் இதற்கென்றே ஓர் ஆய்வுத்துறைக்குப் பெயர் சூட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் உள்ள ஸ்லேத்வெயிட் கிராமத்தில் அது சோதனைக்கு வந்தது. அங்கே மக்கள் தங்கள் ஊரின் சிறு மாதிரியில் கொடி குத்தித் தேவைகளைச் சொன்னார்கள். அதே வேலையை இணைய வரைபடத்தில் செய்ய முடியுமா என்று லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு பார்த்தது, முடிந்தது. பிறகு தன்னார்வலர்களே வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம் வந்தது, கைப்பேசிக்குள் ஜி.பி.எஸ். வந்தது, டிரோன் மலிவானது. மக்களிடமிருந்து தகவல் திரட்டுவது இனி பெரிய சிக்கலே அல்ல. திரட்டியதை வாங்கிக்கொண்ட அலுவலகம் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறதா என்பதுதான் இன்னும் தீராமல் கிடக்கிறது. இத்துறையின் அனுபவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு வரைபடம் பயன்பட்டதா இல்லையா என்பதை இந்தக் கடமைதான் முடிவு செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்லாந்தின் ஹெல்சிங்கியை எடுத்துக்கொள்வோம். நகரின் புதிய முதன்மைத் திட்டத்துக்காக 2013-இல் அங்கே ஒரு வரைபடக் கருத்துக்கணிப்பு நடந்தது. புதிய வீடுகள் எங்கே வரலாம், எந்தப் பசுமைப் பகுதியைத் தொடக் கூடாது என்று ஏறத்தாழ 4,000 பேர் 33,000-க்கு அருகில் புள்ளிகள் வைத்தார்கள். இந்தக் கணிப்புக்கான இணையக் கருவியை உருவாக்கிய ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களே பின்னர் இதைப் பரிசீலித்தார்கள். தகவல் வளமானது, திட்டப் பணியாளர்களுக்கும் உதவியது. ஆனால் எந்தப் புள்ளி எந்த முடிவை மாற்றியது என்று தொடர்ந்து சென்று காட்டுவது கடினமாக இருந்தது. படிப்பறிவும் இணைய வசதியும் நேர்மையான நிர்வாகமும் உள்ள ஒரு நகரத்திலேயே இதுதான் நிலை. அங்கே குறையாக இருந்தது தொழில்நுட்பம் அல்ல. புள்ளி வைத்தவருக்கு, ‘உங்கள் யோசனையை ஏற்றோம், அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை’ என்று சொல்லும் நடைமுறைதான் இல்லை.

இதற்கு நேர்மாறான சூழலில் நடந்தது கென்யாவின் முக்குரு முயற்சி. நைரோபியின் தொழிற்பேட்டையை ஒட்டி குவா ஞ்சேங்கா, குவா ரூபென், விவாந்தானி என்ற மூன்று குடியிருப்புகளில் ஒரு லட்சம் குடும்பங்கள் வசிக்கின்றன. பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி தகர அறைகள். மேலிருந்து டிரோன் எடுக்கும் படத்தில் தெரிவது நீண்ட தகரக் கூரை மட்டுமே. அந்த ஒரே கூரையின் கீழ் வரிசையாக எத்தனை அறைகள் உள்ளன, ஒரு கழிப்பறையை எத்தனை குடும்பங்கள் பங்கிடுகின்றன, இரவில் அங்கே போகப் பெண்கள் அஞ்சுகிறார்களா என்பதையெல்லாம் தரையில் நடந்து, கதவைத் தட்டித்தான் அறிய முடியும். முங்கானோ வா வனவிஜிஜி என்ற குடிசைவாசிகளின் கூட்டமைப்பு அதைச் செய்தது. நைரோபி, ஸ்ட்ராத்மோர், அமெரிக்காவின் பெர்க்லி ஆகிய பல்கலைக்கழகங்கள் உடன் நின்றன. நகரின் வசதியான பகுதிகளைவிட முக்குருவின் ஏழைகள் குடிநீருக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பது கணக்கோடு வெளிவந்தது. அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. வீடுகள் இருக்கும் படத்தின் மேல் நில ஆவணங்களின் எல்லைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். நிலத்தில் பெரும்பகுதி, தொழிற்சாலை கட்டுவதற்கென்று பல பத்தாண்டுகளுக்கு முன் தனியாருக்கு அரசு குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகை எடுத்தவர்கள் நிபந்தனைப்படி எதையும் கட்டவில்லை. சிலர் அந்தப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் மட்டும் வாங்கியிருந்தார்கள். ஆக்கிரமிப்பாளர் என்ற பட்டம் அதுவரை குடிசைவாசியின் தலையில் மட்டுமே இருந்தது. சட்டத்தை மீறியவர்களின் பட்டியல் இன்னும் நீளமானது என்று இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த பிறகுதான் தெரிந்தது.

இத்தகைய ஆய்வுகள் வழக்கமாக நூலகத்தில் போய் முடியும். முக்குருவில் அப்படி ஆகவில்லை. 2017 ஆகஸ்டில் நைரோபி கவுண்டி அரசு அந்தப் பகுதியைச் சிறப்புத் திட்டப் பகுதி என்று அறிவித்தது. கென்யச் சட்டப்படி இந்த அறிவிப்புக்கு இரண்டு விளைவுகள்: இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய கட்டுமானம் நிறுத்தி வைக்கப்படும், அதற்குள் திட்டம் வரையப்பட வேண்டும். நீர், வீடு, சுகாதாரம், கல்வி, சட்டம் என்று துறைவாரியாக 40-க்கும் மேற்பட்ட அமைப்புகள் குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்தன. பத்து வீட்டுக்கு ஒரு பிரதிநிதி என்று கீழிருந்து கட்டிக்கொண்டு வந்த அமைப்பின் வழியே யோசனைகள் மேலே போயின. சாலை அகலம் பற்றிய விவாதமே இந்த முறையின் மதிப்பைக் காட்டப் போதும். நகரின் வழக்கமான அளவுகோலை அப்படியே போட்டால் சாலைக்காகவே ஏராளமான வீடுகளை இடிக்க வேண்டும். எந்தத் தெருவை எவ்வளவு அகலப்படுத்தினால் எத்தனை குடும்பம் இடம் மாற நேரும் என்பது கணக்கில் தெரிந்ததால், அளவுகோலைத் தளர்த்தச் சொல்லி மக்களால் காரணத்தோடு பேச முடிந்தது. 2020 முதல் முக்குருவில் சாலைகள் போடப்பட்டன.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை லேசாகத் தள்ள முடியாது. வரைபடத்தில் குறிப்பவர்கள் எல்லாரையும் பிரதிநிதித்துவம் செய்வதில்லை என்பது ஒன்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மூக்கி ஹக்லே, தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இங்கிலாந்தின் அரசு வரைபடத்தோடு ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைப் பகுதிகள் மற்ற இடங்களைவிடக் குறைவாகவே வரையப்பட்டிருந்தன. செயலியை வெளியிட்டுவிட்டு வருகிறவர் வரட்டும் என்று காத்திருந்தால் இந்தச் சாய்வு கட்டாயம் வரும். ஆனால் இது எல்லாரையும் தேடிப் போகாத கணக்கெடுப்பின் குறை. முக்குருவில் வீடு வீடாகப் போனதால் இது பெருமளவு குறைந்தது. அதற்குச் செலவும் மாதக்கணக்கில் ஆள்பலமும் வேண்டும். அந்தப் பணத்தை ஒதுக்காமல் செயலிக்கு மட்டும் ஒதுக்கும் அரசு, பங்கேற்பு என்ற பெயரில் வசதியானவர்களின் குரலையே இன்னொரு முறை கேட்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: வரைபடம் ஏழையைக் காட்டிக்கொடுக்கும். யார் எங்கே பத்திரம் இல்லாமல் இருக்கிறார் என்று தெளிவாக வரைந்து கொடுத்தால், அதுவே இடிக்க வருபவருக்கு வழிகாட்டியாகிவிடாதா? காட்டு மக்கள் அரசு வரைபடங்களுக்கு மாற்றாக வரைந்த எதிர் வரைபடங்களைப் பற்றி 1990-களிலிருந்து எழுதிவரும் ஆய்வாளர்கள் இந்த அபாயம் குறித்து எச்சரித்தே வந்திருக்கிறார்கள். இந்த அச்சம் நியாயமானது. அதனால் குடும்ப அளவிலான தகவல் சமூகக் கூட்டமைப்பின் கையில் இருக்க வேண்டும், அரசுக்குத் தொகுத்த அளவில் மட்டுமே போக வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் வரையாமல் இருந்தால் பாதுகாப்பு என்பதை ஏற்க முடியவில்லை. நைரோபியின் இன்னொரு குடிசைப் பகுதியான கிபேரா, 2009-இல் அங்குள்ள இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து வரையும்வரை பொது வரைபடங்களில் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. அந்த வெற்றிடம் அங்குள்ளவர்களை இடிப்பிலிருந்து ஒருநாளும் காத்ததில்லை.

முக்குருவின் கதை வெற்றியாக மட்டும் முடியவும் இல்லை. 2021 இறுதியில் குவா ஞ்சேங்காவில் சாலை இணைப்புக்கு வழிவிட வேண்டும் என்று சொல்லி வீடுகள் இடிக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். சிறப்புத் திட்டப் பகுதி என்ற அறிவிப்பு எதற்காக என்று கேட்பவர்களுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம். எனக்கோ இது வேறொன்றைக் காட்டுகிறது. சட்டம் தந்த கெடு திட்டம் எழுதுவதற்குத்தான் இருந்தது. திட்டம் எழுதிய பின், அதே நிலத்தில் கைவைக்கும் எந்தத் துறையும் அந்தக் கணக்கெடுப்பைப் பார்த்து, பாதிக்கப்படும் குடும்பங்களுக்கு எழுத்தில் பதில் தந்த பிறகே புல்டோசரை அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். யார் எந்த அறையில் இருந்தார் என்ற கணக்கு, இடிப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்டது. அதை மாற்றிடமும் இழப்பீடும் கோருவதற்கான ஆதாரமாக நீதிமன்றமும் நிர்வாகமும் ஏற்க வேண்டும். வரைபட ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் அடுத்த செயலிக்கு முன்னால் இந்த விதிக்காக வாதாட வழக்கறிஞர்களை அமர்த்த வேண்டும்.