வாவியும் வந்த மீனும்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். நமக்குக் கூதிர் மழையோடும் வாடையோடும் வருவது. வடபுலத்து நாடுகளிலோ அஃது இலைகள் செந்நிறமெய்தி உதிருங் காலம். ஆங்கு மரங்கள் மாறுவது கண்டு வியப்போர் பலர். நீர் மாறுவதை அறிவோர் சிலரே. அச்சிலருள் தூண்டிற்காரர் முதல்வராவர். யான் தூண்டில் பிடித்தவனல்லேன். ஆயினும், யப்பான் நாட்டுப் பீவா வாவியிலே கூதிர்காலத்து நிகழும் பாஸ் மீன் வேட்டையைப் பற்றிப் படிக்குந்தோறும், தீர்ப்பதற்கரிய ஓர் அறவழக்கினைக் கேட்பவன் போலாகின்றேன். அதனை வாசகர்முன் வைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பீவா என்பது வீணையினத்து நரம்புக்கருவி ஒன்றன் பெயர். வாவியின் வடிவு அக்கருவியை ஒத்தமையின் அப்பெயர் வந்ததென்பர். யாழின் பெயர் தாங்கிய ஊரையுடைய நமக்கு இச்செய்தி இனிப்பதேயாம். ஏறத்தாழ 670 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இவ்வாவி, வடபாகத்தில் 100 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடையது. தென்பாகமோ சராசரி 4 மீற்றர் ஆழமே கொண்டது. சுமார் 40 இலட்சம் ஆண்டுத் தொன்மை வாய்ந்ததாதலின், வேறெங்குங் காணப்படாத உயிரினங்கள் 60 வரையில் இங்குண்டு.

வேனிலிலே மேனீர் வெப்பமுற்று இலேசாகி மேலே நிற்கும். குளிர்ந்து கனத்த நீர் அடியிற் கிடக்கும். இரண்டும் எளிதிற் கலப்பதில்லை. கூதிர் வந்ததும் மேனீர் குளிர்ந்து, கனத்து, கீழிறங்கத் தொடங்கும். காற்று அதற்குத் துணைபுரியும். தென்பாகத்து நீர்ப்பூண்டுகள் மாளும். சூறாவளி மழை பெய்தால் ஆற்றுவாய்கள் கலங்கும். வேனிலில் நிழலையும் ஆழத்தையும் நாடியிருந்த பாஸ் மீன், குளிர் முதிருமுன் உடலைத் தேற்றிக்கொள்ள வேண்டிச் சிறுமீன் திரள்களைத் தொடர்ந்து அலையும். நேற்று நின்றவிடத்து இன்று நில்லாது.

ஆகவே, தூண்டிற்காரர் மீனைத் தேடுமுன் நீரைக் கற்கின்றனர். தெளிந்த நீரிலே பாஸ் கண்ணால் வேட்டையாடும். அங்கே மெல்லிய நூலும், இயல்பான நிறமுடைய போலி இரையும், தொலைவில் நின்று எறியும் பொறுமையும் வேண்டும். கலங்கிய நீரிலே அது தன் பக்கக்கோட்டினால் நீரின் அதிர்வை உணர்ந்து இரையை அறியும். அங்கே சுழன்றும் அதிர்ந்தும் செல்லும் இரையை மறைவிடங்களின் அருகே செலுத்துவர். இது விளையாட்டாயினும் ஒரு கல்வியே.

இனி வழக்கினைக் காண்போம். பெருவாய்ப் பாஸ் யப்பானுக்கு உரியதன்று, வட அமெரிக்காவுக்குரியது. 1925ஆம் ஆண்டில் அக்காபோசி தெற்சுமா என்னும் வணிகர் அதனைக் கொணர்ந்து ஆசி வாவியில் விட்டார். 1974இல் அது பீவா வாவியிற் காணப்பட்டது. அடுத்த பத்தாண்டில் பெருகிற்று. வாவிக்கே உரிய நிகோரோபுனா முதலிய மீன்கள் அருகின. உப்பும் சோறும் இட்டுப் புளிக்கவைக்கும் புனாசூசி என்னும் பழம்பெரும் உணவு அம்மீனால் ஆவது. கரையோர நாணற்காடுகள் அழிந்தமையும் இவ்வீழ்ச்சிக்குக் காரணமாதலின், பழி முழுவதையும் பாஸின் மேல் ஏற்றுதல் முறையன்று. ஆயினும் அதன் பங்கு சிறிதன்று.

2003ஆம் ஆண்டு முதல் சிகா மாகாணச் சட்டம், பிடித்த பாஸை மீண்டும் வாவியில் விடுதலைத் தடுத்தது. கரையிலே அவற்றை இடுவதற்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பிடித்த மீனைக் காயமின்றி நீரில் விடுதலே பண்பு என அமெரிக்கரிடம் கற்ற தூண்டிற்காரர் பலர் இதனால் வருந்தினர். 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பார் பிடித்த 22 றாத்தல் 4 அவுன்சு எடையுள்ள பாஸே உலகில் மிகப் பெரியதெனப்பட்டது. 77 ஆண்டுகளின் பின், 2009இல், குறிற்றா மனாபு என்பார் அதற்கு நிகரான மீனைப் பிடித்தது இப்பீவா வாவியிலேயே. சட்டம் வெறுக்கும் மீனே வாவிக்கு உலகப் புகழ் தந்தது!

விடுதல் அருள், கொல்லுதல் மறம் என்று எளிதிற் சொல்லிவிடலாம். இளவேனிலில் ஆண் பாஸ் கூட்டருகே நின்று முட்டையையும் குஞ்சையும் காப்பதை அறிந்தோர்க்கு அச்சொல் மேலும் இனிக்கும். ஆனால் ஒன்றற்குக் காட்டும் அருள் பலவற்றுக்குக் கூற்றாகுமாயின், அதனை அருளென்பது எங்ஙனம்? மீன் குற்றமற்றது, கொணர்ந்த மாந்தரே கடன்பட்டோர். 1960இல் சிக்காகோவிலிருந்து நீலச்செவுள் மீனைப் பரிசாகப் பெற்று வந்த அகிஹிதோ, பின்னர்ப் பேரரசராய் வீற்றிருந்த காலத்து, 2007இல், அம்மீன் பெருகி விளைத்த கேட்டினுக்காகத் தம் உள்ளம் நோவதாகச் சிகா மாகாணத்திலேயே வெளிப்படக் கூறினார். அரியணையில் இருந்தோர் அவ்வாறு கூறுதல் அரிது. யான் வாவியின் பக்கமே நிற்பேன். ஆயினும் கொன்ற மீனை வீணாக்காது உணவாகவோ எருவாகவோ பயன்கொள்ளுதலே முறை என்பேன்.

இவ்வழக்கினும் பெரிய வழக்கு ஒன்று பின்னே நிற்கின்றது. கூதிரில் தொடங்கும் நீர்க்கலப்பு, குளிர்காலத்து முடிவில் வடபாகத்தின் அடிவரை சென்று, ஆழத்துக்கு உயிர்வளியைக் கொடுக்கும். யப்பானியர் இதனை வாவியின் ஆழ்ந்த மூச்சு என்பர். 1979 முதல் அளந்தறியப்பட்டு வந்த இம்மூச்சு, குளிர் குன்றியமையால் 2019இல் முதன்முறையாக அடிவரை எட்டவில்லை, 2020இலும் எட்டவில்லை, 2021இல் மீண்டது. ஆழத்தில் வாழும் இசாசா முதலிய சிறுமீன்களுக்கு அம்மூச்சே வாழ்வு. பாஸைப் பிடித்துப் பெட்டியிலிடச் சட்டம் உண்டு. உலகின் வெப்பத்தைக் குறைக்கும் கடனோ ஒரு மாகாணத்தாரால் தனித்து இறுக்கத் தக்கதன்று. அதனில் நமக்கும் பங்குண்டு என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடனாகும்.