மாங்கனியின் காவல்

மாமரம் பிஞ்சு விடும் பருவத்தில் மழைத்துளியுடன் வந்து தோலில் தங்கும் ஒரு பூசணமே, பழத்தில் கரும்புள்ளி விழுந்து அழுகுவதற்கு மூலகாரணம். ஆயினும் காய் பச்சையாயிருக்கும்வரை அது தலையெடுப்பதில்லை. காரணம் யாது? காயின் தோலிலும் பாலிலும் ரெசார்சினால் என்னும் பொருள்கள் காவல் நிற்கின்றன. கனியக் கனிய அவை குறைகின்றன. உறங்கிய பகைவன் விழித்துக்கொள்கிறான். சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் பாடுபட்டு விளைத்த பழம் சந்தையில் அழுகினால், நஷ்டம் குடியானவன் தலையிலேயே விடிகிறது.

ஆகவே மருந்தை மட்டும் நம்பியிராமல், இயற்கை வைத்த காவலைக் கலையாது பேணுதல் வேண்டும். காம்பைச் சிறிது விட்டே காயைக் கொய்தால் பால் வடியாது உள்ளே தங்கும். அத்தகைய காயில் நோய் குறைவதை இலங்கையில் நடந்த ஆராய்ச்சி காட்டியுள்ளது. 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிஷம் அமிழ்த்தியெடுத்தால் தோலிலுள்ள பூசணம் ஒடுங்கும். பின்னர் 13 டிகிரி குளிர்ச்சியில் வைத்தால் பழுப்பது தாமதமாகும், காவலும் நீடிக்கும். அதனினும் மிகக் குளிர்வித்தாலோ, காய் நலிந்து நோய்க்கு இடங்கொடுக்கும்.

மாந்தோப்புகள் மலிந்த வட்டாரந்தோறும் வெந்நீர்த் தொட்டியும் குளிர்பதனக் கிடங்கும் அமைத்துத் தருவது சர்க்காருக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கடமையாகும். உழைத்தவன் பலன் குப்பைக்குப் போகும் நாட்டில் செழிப்பு எங்ஙனம் நிலைக்கும்?