மூச்சு வாங்குவது நுரையீரலின் குறையா?

மாடிப்படி ஏறினாலோ பேருந்தைப் பிடிக்க ஓடினாலோ மூச்சு வாங்குவது, உடலில் ஆக்சிஜன் குறைந்துபோவதால்தான் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உடலியங்கியல் சொல்வது வேறு. உடல்நலமுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவருடைய தமனி இரத்தத்தைச் சோதித்தால், அதிலுள்ள ஆக்சிஜனும் கரியமில வாயுவும் அவர் சும்மா உட்கார்ந்திருந்தபோது இருந்த அளவிலேயே ஏறக்குறைய இருக்கும். தசைகள் பல மடங்கு ஆக்சிஜனைச் செலவிட்டும் இரத்தத்தில் அதன் அளவு குறையாமல் இருப்பதற்குச் சுவாச மண்டலம் செய்யும் கூடுதல் வேலையைத்தான் மூச்சு வாங்குவதாக உணர்கிறோம்.

அந்த வேலையின் அளவு பெரிது. ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை, முறைக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் 6 முதல் 8 லிட்டர் காற்றே உள்ளே சென்று வர, கடும் உழைப்பின்போது அது 100 லிட்டரைத் தாண்டுகிறது. முன்னணித் துடுப்புப் படகு வீரர்களிடம் 200 லிட்டருக்கு மேலும் அளக்கப்பட்டுள்ளது. ஓய்வில் மூச்சை வெளிவிடத் தனி முயற்சி தேவையில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்னும் தசை தளர்ந்தால் காற்று தானே வெளியேறும். ஓடும்போது அது போதாமல் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து காற்றை வெளியே தள்ளுகின்றன.

இதற்கு ஆணையிடுவது எது என்பது நெடுநாள் ஆராயப்பட்ட கேள்வி. மூச்சின் வேகத்தை முதன்மையாகக் கட்டுப்படுத்துவது ஆக்சிஜன் அன்று, கரியமில வாயுவே என்று பிரிட்டிஷ் உடலியங்கியலாளர்களான ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் காட்டினர். ஆனால், முதல் படியில் கால் வைத்த கணமே, தசையில் உருவான கரியமில வாயு இரத்தத்தின் வழியே மூளையை எட்டுவதற்கு முன்பே, மூச்சு கூடிவிடுகிறது. டென்மார்க்கின் குரோக், லிண்ட்ஹார்ட் இருவரும் 1913-இல் இதை ஆராய்ந்து, தசையை இயக்க மூளை அனுப்பும் கட்டளை சுவாச மையத்தையும் உடனே தூண்டுகிறது என்ற கருத்தை முன்வைத்தனர். அசையும் தசைகளிலிருந்து வரும் நரம்புச் செய்திகளுக்கும் இதில் பங்குண்டு என்பது இன்றைய புரிதல். உழைப்பு ஓர் எல்லையைக் கடந்ததும் இரத்தத்தில் அமிலத்தன்மை கூட, அதை ஈடுகட்டும் வேதிவினையில் மேலும் கரியமில வாயு உண்டாகி மூச்சு திடீரென எகிறுகிறது. நடந்துகொண்டே முழு வாக்கியங்களைப் பேச முடிகிறதென்றால் அந்த எல்லைக்கு உள்ளேயும், இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சிழுக்க வேண்டியிருந்தால் அதற்கு அப்பாலும் இருப்பதாகக் கொள்ளலாம். இதை அறியக் கைக்கடிகாரக் கருவி எதுவும் தேவையில்லை.

பயிற்சி செய்தால் நுரையீரல் பெரிதாகும் என்ற நம்பிக்கைக்கும் போதிய ஆதாரமில்லை. சிறுவயது முதல் நீந்துவோரிடம் சற்றுப் பெரிய நுரையீரல் காணப்படுவதைத் தவிர்த்தால், வளர்ந்தவர்களிடம் அதன் கொள்ளளவு பயிற்சியால் அதிகம் மாறுவதில்லை. மாற வேண்டிய தேவையும் பெரும்பாலோருக்கு இல்லை. 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்காற்றறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளில் ஒரு சிவப்பணு ஓய்வில் முக்கால் வினாடி தங்குகிறது. ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ளக் கால் வினாடியே போதும் என்பதால், ஓட்டத்தில் இரத்தம் விரைந்தாலும் குறை நேர்வதில்லை. பயிற்சியால் மாறுபவை இதயமும் தசைகளும்தாம்: ஒரு துடிப்பில் இதயம் அனுப்பும் இரத்தம் கூடுகிறது, தசையில் தந்துகிகளும் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன, அமிலம் தாமதமாகச் சேர்கிறது, எனவே அதே வேகத்துக்கு முன்பைவிடக் குறைந்த மூச்சு போதுமானதாகிறது.

நோயாளிகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். புகைபிடித்தலாலும் ஆண்டுக்கணக்கில் விறகடுப்புப் புகையைச் சுவாசித்ததாலும் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் சிதைந்த காற்றறைகள் மீள்வதில்லை. ஆயினும் மேற்பார்வையுடன் சில வாரங்கள் நடைப்பயிற்சியும் தசைப்பயிற்சியும் செய்தவர்களுக்கு, நுரையீரல் சோதனை அளவுகள் அப்படியே இருக்க, மூச்சுத்திணறல் குறைந்து நடக்கும் தூரம் கூடுகிறது. மூச்சு வாங்குகிறதே என்று அஞ்சி முடங்குவோருக்குத் தசை மேலும் நலிந்து, திணறல் மேலும் கூடுவதே நிகழ்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, விரைந்து உள்ளே செல்லும் வறண்ட, குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சி அதைச் சுருங்கச் செய்யலாம்; அவர்களும் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை, மருத்துவர் சொன்னபடி முன்கூட்டி இன்ஹேலர் எடுத்து, மெல்லத் தொடங்கினால் பெரும்பாலும் போதும்.

பயிற்சியை நிறுத்திச் சில நிமிடங்களில் தணியும் மூச்சிரைப்பு இயல்பானது. ஓய்விலும் தணியாத திணறல், நெஞ்சு வலி, மயக்கம், முன்பு எளிதாக ஏறிய படிகளில் புதிதாகத் தோன்றும் இளைப்பு ஆகியவை இருந்தால் பயிற்சியைத் தொடராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.